சூரியன்மேல் பழி போடாதீர்கள்

"எல்லாம் சூரியன் கையில். அது ஒருநாள் அடங்கும், பூமி தானாகக் குளிரும்" என்று பேசித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இந்த மேடையில் சொல்லமாட்டேன். கணக்கை மட்டும் தீர்க்காமல் இறங்கமாட்டேன்! சூரிய ஒளி குறைந்தால் பூமி குளிருமா? குளிரும். யார் மறுத்தது? எவ்வளவு குறைந்தால் எவ்வளவு குளிரும் என்பதல்லவா கேள்வி! நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் நேரடியாக இறங்குவது சுமார் 0.7 டிகிரி. பனி பெருகி, காற்றில் நீராவியும் குறைந்தால் ஒன்றரை, இரண்டு டிகிரி வரை போகலாம். பெரிய மாற்றம்தான். ஆனால் 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை அளந்துகொண்டே இருக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஐயா! அதனால் பூமியில் வரும் மாற்றம் ஏறத்தாழ 0.1 டிகிரி.

சூரியன்மேல் பழி போடுவது இன்று பிறந்த பழக்கமும் அல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றது. 1877இல் வானியலாளர் லாக்யரும் ஆங்கிலேய அதிகாரி ஹண்டரும் லண்டன் பத்திரிகை ஒன்றில் சூரியப் புள்ளிகளுக்கும் அந்தப் பஞ்சத்துக்கும் முடிச்சுப் போட்டு எழுதினார்கள். மழையைக் கெடுத்ததில் பெரும்பங்கு பசிபிக் கடலின் எல் நினோவுக்கு. மக்களைக் கொன்றதோ ஆட்சி! தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டே இருந்தது. நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைத்தவனுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார்கள். அரைக் கிலோகூட இல்லை! அந்த நூற்றாண்டில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, இதோ பினாங்கின் எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் துரத்திய பசிக்குச் சூரியனா பொறுப்பு?

சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று அந்தப் பஞ்சம் எழுப்பிய கேள்விதான் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் எழவும் ஒரு காரணம். 1904 முதல் அங்கே வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்தார்கள். 1909இல் அங்கே வானியலாளர் எவர்ஷெட் கண்டுபிடித்தது உலகப் புத்தகங்களில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டைக் கழுவிக் காயவைத்து, தேதி போட்டு அடுக்கிய உதவியாளன் எந்தப் புத்தகத்தில் இருக்கிறான்? நூறாண்டுச் சூரியனை நமக்குச் சேர்த்துக் கொடுத்த அந்தக் கைக்கு ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள்!

"1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் அருகிப்போயின, தேம்ஸ் நதி உறைந்ததே" என்று அந்தப் பேச்சாளர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் குளிர் புள்ளிகள் குறைவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தேம்ஸ் அதற்கு முன்னும் உறைந்தது, பின்னும் உறைந்தது. எரிமலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. எரிமலையின் வல்லமை நம் அக்கம்பக்கத்துக் கதைதானே! 1815 ஏப்ரலில் சும்பாவா தீவின் தம்போரா வெடித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. சூரியன் மங்கவில்லை. வானில் பரவிய கந்தக மூட்டம் வெயிலை மறித்தது.

இன்றைய சூட்டுக்குச் சூரியன் காரணமாக இருந்தால், வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அங்கே குளிர்கிறது, கீழே கொதிக்கிறது! கரியமில வாயுப் போர்வை விட்டுப்போகும் கைரேகை அது. தைப்பூசத்தில் வெறுங்காலோடு தண்ணீர்மலைக்கு நடக்கிறவரின் உள்ளங்காலைக் கேளுங்கள், தார்ச்சாலையின் சூட்டை அது சொல்லும். சரி, அந்தப் பேச்சாளர்கள் ஆசைப்படும்படியே சூரியன் மறுபடி எழுபது ஆண்டு அடங்கட்டும். கிடைக்கும் குளிர்ச்சி அதிகம்போனால் 0.3 டிகிரி. பூமியோ பத்தாண்டுக்கு 0.2 டிகிரிக்குக் குறையாமல் சூடேறுகிறது. ஆக, மிஞ்சுவது பத்துப் பதினைந்து ஆண்டுத் தவணை. சூரியன் பழைய நிலைக்குத் திரும்பும்போதும் வாயு வானத்திலேயே இருக்கும். தள்ளிப்போன சூடு மொத்தமாக வந்து நிற்கும். இந்தக் கணக்கில் எந்த வரி தப்பு என்று அவர்கள் இதே ஊரில், இதே மேடையில் வந்து சொல்லட்டும்!