இந்தப் புத்தகம் யாருக்கு?

(வட்டார அளவிலான ஆசிரியர் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களை நூல் மதிப்புரை எழுதப் பழக்குவது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நான் அதற்கு ஒரு படி முன்னாலிருந்து தொடங்குகிறேன். மதிப்புரை என்பது எழுதுவதற்கு முன்பே வாயால் நடக்கிற காரியம். "இதைப் படித்தேன், நீயும் படித்துப் பார்" என்று ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் சொல்வதுதான் அதன் வேர். அந்த வேர் நம் வகுப்பறையில் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

முதலில் நம்மையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் விரும்பிப் படித்த ஒரு புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கைக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். இரா. நடராசனின் 'ஆயிஷா' எனக்கு ஒரு சக ஆசிரியை வழியாக வந்தது. அவர் கதையைச் சொல்லவில்லை. "கேள்வி கேட்கிற பிள்ளையை அதட்டி உட்கார வைக்கிறோமே, அதைப் பற்றிய சின்னப் புத்தகம். ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆனால் இரவில் படிக்காதீர்கள், தூக்கம் வராது" என்றார். அன்று இரவே படித்தேன். பிறகு நான் நான்கு பேருக்குக் கொடுத்தேன். ஆசிரியர்களிடையே அந்தக் குறுநாவல் இப்படித்தான் கைமாறிப் பரவியது.

தமிழுக்கு இது புதிய பழக்கமல்ல. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடுவார்கள். கம்பன் பாட்டு ஒன்றை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்பவர்கள் அதைச் சுவைக்கும்படி செய்வார். க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்றே ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். தனக்குப் பிடித்த தமிழ் நூல்களை அதில் அறிமுகம் செய்தார். இன்று நம் கைப்பேசியில் வாசிப்புக் குழுக்கள் இருக்கின்றன. அட்டைப்படம் வருகிறது. கீழே "அருமையான நூல், அவசியம் படிக்கவும்" என்று ஒரு வரி வருகிறது. பத்துப் பேர் கைகூப்புகிறார்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள்? அந்த வரியில் யார் படிக்க வேண்டும், ஏன் படிக்க வேண்டும் என்று எதுவும் இல்லையே!

இங்கேதான் சீ. இரா. அரங்கநாதனை நினைக்க வேண்டும். சீர்காழிப் பகுதியில் 1892இல் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் வெளியான அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அவற்றில் இரண்டு நமக்கு இப்போது தேவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது மற்றொன்று. அலமாரியில் இருக்கும் நூலுக்கும் எங்கோ இருக்கும் வாசகருக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும். நூலகர் அந்த வேலையைச் செய்வார். நூலகர் இல்லாத பள்ளியில் அதைச் செய்யக்கூடியவர் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்த இன்னொரு மாணவர்தான்.

நம் மதிப்புரை நோட்டுகள் இதைச் செய்கின்றனவா? நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை, பக்கம், கதைச்சுருக்கம், நீதி. பின்னட்டையைப் பார்த்து எழுதினாலே நோட்டு நிரம்பிவிடும். அதைத் திருத்துகிற நம்மைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. யாருக்கும் சொல்லப்படாத மதிப்புரை அது.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக இருக்கின்றன அல்லவா? 'நட' அவளுக்குச் சரியாக இருக்கும். ஆனால் மற்றவர்கள் பார்க்க அதை எடுக்க அவளுக்குக் கூச்சம். இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டுவாள். பார்ப்பவர்களுக்கு அவள் படிப்பது போலவே தெரியும்.

ஒருநாள் அவளுடைய தோழி ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதுல ஒரு ஆட்டுக்குட்டி காணாமப் போவுது. உங்க வீட்டு ஆடு மாதிரியே சேட்டை பண்ணும். அஞ்சாம் பக்கம் வரைக்கும் படி, அப்புறம் நீயே விடமாட்டே" என்றாள். அந்தத் தோழி நிலையைச் சொல்லவில்லை, ஆட்டைச் சொன்னாள். மாணவி அன்று முழுப் புத்தகத்தையும் படித்தாள். அடுத்த வாரம் அதே புத்தகத்தை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவள் மதிப்பெண் கூடிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இன்னும் தடுமாறித்தான் படிக்கிறாள். ஆனால் இப்போது தடித்த புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை.

இதிலிருந்து நாங்கள் ஒரு சிறு வழக்கத்தை ஏற்படுத்தினோம். புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறோம். படித்தவர் விரும்பினால் நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு வரி எழுதலாம். இது யாருக்குப் பிடிக்கும்? எந்த இடம் உனக்குப் பிடித்தது? எந்த இடத்தில் சலிப்பாக இருந்தது? படிக்க எவ்வளவு நேரம் ஆனது? எழுத வராதவர் சொல்ல, இன்னொருவர் எழுதித் தரலாம். வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் மூன்று பேர் வகுப்பின் முன் நின்று சொல்வார்கள்.

மூன்றாவது கேள்வியை யாரும் நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "இதில் அறிவுரை அதிகம்", "படம் நல்லா இருக்கு, கதை இல்லை" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். எழுதட்டும். எல்லாவற்றையும் 'அருமை' என்கிறவரின் பேச்சை இரண்டு முறைக்கு மேல் யாரும் நம்புவதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை உள்ள இடத்தில்தான் பிடித்திருக்கிறது என்ற சொல்லுக்கு மதிப்பு வரும். ஒருவர் சலிப்பு என்று எழுதியதன் கீழேயே இன்னொருவர் "எனக்கு அந்த இடம்தான் பிடிச்சது" என்று எழுதியிருப்பார். அந்த இரண்டு வரிகளில் திறனாய்வு தொடங்கிவிடுகிறது. ஏன் என்று இருவரையும் கேட்டுப் பாருங்கள். காரணம் சொல்லப் புத்தகத்தை மறுபடி புரட்டுவார்கள்.

சில எச்சரிக்கைகள். அந்தத் தாளில் சிவப்பு மையால் பிழை திருத்தாதீர்கள். அதில் வரும் பிழைகளைக் குறித்துக்கொண்டு மொழிப் பாடவேளையில் பொதுவாகச் சொல்லிக் கொடுக்கலாம். மதிப்பெண் போடாதீர்கள். அதிகப் புத்தகம் பரிந்துரைத்தவருக்குப் பரிசு என்று அறிவிக்காதீர்கள். அறிவித்தால் மறுநாளே பின்னட்டையைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். நம் பரிந்துரையையும் கட்டாயமாக்க வேண்டாம். நாம் கொடுத்த புத்தகத்தை ஒரு மாணவர் பாதியில் திருப்பிக் கொடுத்தால், "எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?" என்று மட்டும் கேட்போம். அடுத்து எதைக் கொடுப்பது என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

கடைசியாக நமக்கு ஒரு வேலை. இந்தக் கூடுகைக்கு வந்திருக்கிற ஒவ்வொருவரும் இந்த மாதம் ஒரு சிறார் நூலை முழுதாகப் படியுங்கள். உங்கள் வகுப்பில் அது எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று யோசியுங்கள். அந்தப் பிள்ளையிடம் போய் இரண்டு வரி சொல்லிக் கையில் கொடுங்கள். அடுத்த மாதக் கூடுகையில் அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று பேசுவோம்.