மனுவுக்கு விலாசம் வேண்டும்

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், தொகுதியின் தலையெழுத்தை மாற்றுவது சட்டமன்ற உறுப்பினரே என்று மேசையைத் தட்டிச் சொன்னார். ஐயா, சட்டமன்றத்தில் வாங்குகிற அடி போதாதென்று இந்த மேசை வேறயா? (சிரிப்பு)

நான் வாக்காளர் கட்சி. "உறுப்பினர்கிட்ட தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கு" என்றார் நண்பர். இருக்கு. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று உயர்த்தினார்கள். பெரிய தொகைதான். ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள தொகுதியில் வகுத்துப் பாருங்கள், தலைக்கு வருஷத்துக்கு 150 ரூபாய்கூட வராது. வீட்டுக்கு மாசம் பால் வாங்கவே பத்தாது!

சரி, வாக்காளர்கள் எல்லாருமே வேட்பாளராயிட்டா? அதுவும் நடந்தது. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகளின் குறையை யாரும் கேட்கவில்லை என்று காட்டத்தான் பெரும்பாலோர் நின்றார்கள். வாக்குச்சீட்டே புத்தகமாயிற்று. தேர்தல் தள்ளிப்போயிற்று. பலருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அதாவது, அவர் ஓட்டும் அவருக்கு இல்லை! (கைதட்டல்) பிறகு சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். குறை தீரணும் என்று போனவர்களுக்குக் கிடைத்தது டெபாசிட் உயர்வு. கேட்பதில் குற்றமில்லை, கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது.

அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு உப்பளத் தொழிலாளி. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கூனிமேடு. திண்டிவனம் தொகுதி. ஒரு கல்லூரி விழாவுக்குப் போகிற வழியில் டீ குடிக்க இறங்கினேன். பெஞ்சில் ஒரு பெரியவர். உப்புத் தண்ணியில் நின்று நின்று பாதம் வெடித்துக் கிடந்தது.

"மழைக்காலத்துல என்ன செய்வீங்க ஐயா?"

"பாத்தியெல்லாம் தண்ணி சார். வேலை ஏது? கேட்டா, உப்பு மத்திய சர்க்காருதுன்னு சொல்றாங்க."

பாதி உண்மை. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 58ஆம் இனம் உப்பு. டெல்லியின் பொறுப்பு. ஆனால் உப்பு வாருகிற மனுஷன் உப்பு இல்லையே! அவன் ரேஷனும் ரோடும் மழைக்காலப் பசியும் மாநிலத்தின் பொறுப்பாச்சே! உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தை 2022இல் தொடங்கியது மாநில அரசுதான். "பார்த்தீங்களா, செய்தது கோட்டைதானே" என்று நண்பர் துள்ளுகிறார். துள்ளட்டும். அடுப்பு எரியாத சேதி கோட்டைக்குத் தானாகவா நடந்து போச்சு? உப்பளத்து ஜனங்கள் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பேச்சோடு பேச்சாகப் பெரியவரிடம் சொன்னேன்: "2016 தேர்தல்ல உங்க திண்டிவனம் தொகுதியில ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் வெறும் 101 ஓட்டு. நீங்க ஓட்டுப் போட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "மே மாசம் சார். நல்ல வெயில், உப்பு நல்லா வெளையிற நேரம். அன்னைக்குப் போகலேன்னா கூலி போச்சு. எங்க வரிசையில பத்துப் பதினஞ்சு பேரு போகலை."

நடுவர் அவர்களே, எனக்கு டீ இறங்கவில்லை. இந்த மாதிரி ஏழெட்டு வரிசை சேர்ந்தால் 101! அவர் யாருக்குப் போட்டிருப்பார் என்பது எனக்கு வேண்டாத கேள்வி. கரையோரத்தில் நூறு பேர் ஒரு நாள் கூலிக்காக வராமல் போனால், அடுத்த ஐந்து வருஷத்துக்கு யார் வாசலில் மனு கொடுப்பது என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஐயா, அந்தக் கூலி போகக்கூடாது" என்றேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135பி பிரிவு. வாக்குப்பதிவு நாளில் வாக்காளரான தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலிக்கும் உண்டு. பிடித்தம் செய்கிற முதலாளிக்கு அபராதம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்படி ஒரு சட்டம் இருக்கா சார்? நம்பரை எழுதிக் குடுங்க."

கையில் காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்து, பீடிக்கட்டோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நடுவர் மணியடித்துவிட்டார். உட்கார்ந்துகொள்கிறேன்.