செடி வெப்பத்தை அறியும் விதம்



வறட்சிக் காலத்தில் இரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதையும், பால் குறைவதையும், பின்னர்ப் புதுத் தளிரோடு பூங்கொத்துகள் அரும்புவதையும் நீங்கள் ஆண்டுதோறும் காண்கின்றீர்கள். நாட்காட்டி பாராத தாவரம் பருவத்தை எவ்வாறு உணர்கிறது?

மழை, வெயில், பகலின் நீளம், வெப்பம் எனப் பல குறிப்புகளைத் தாவரங்கள் கவனிக்கின்றன. அவற்றுள் வெப்பத்தை அறியும் முறைக்கு 2020ஆம் ஆண்டில் தெளிவான விளக்கம் ஒன்று வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பிலிப் விக் குழுவினர் அதனைக் கண்டறிந்தது இரப்பர் மரத்தில் அன்று. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு களையில். பகற்பொழுது குறுகிய நாட்களில் தாமதமாகப் பூக்கும் இச்செடி, வெப்பம் 23 பாகையிலிருந்து 27 பாகை செல்சியசுக்கு உயர்ந்தால் முந்திப் பூத்துவிடும்.

இதன் உயிரணுக்களில் ஈ.எல்.எப். 3 என்றொரு புரதம் உண்டு. அது மாலையிலும் இரவிலும் வேறு இரு புரதங்களுடன் கூடி, வளர்ச்சியையும் பூத்தலையும் தூண்டும் மரபணுக்களை அடக்கிவைக்கிறது. காவற்காரன் என்றே கொள்ளலாம். வெப்பம் ஏறினாலோ, சில நிமிடங்களில் இப்புரதம் ஒன்றோடொன்று கூடிச் சிறு துளிகளாகத் திரண்டுவிடுகிறது. காவல் தளர்கிறது, செடி பூக்கத் தொடங்குகிறது.

பாலில் அமிலம் சேர்த்ததும் அது திரண்டு கட்டியாவதை நீங்கள் அறிவீர்கள். ஏறத்தாழ அத்தகைய திரட்சியே இதுவும். ஆயினும் பெரியதொரு வேற்றுமை உண்டு. உறைந்த பால் மீண்டும் பாலாவதில்லை. இப்புரதத்தின் திரளும் பகுதியைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, சூட்டில் திரண்ட துளிகள் குளிர்ந்ததும் கரைந்துபோயின. வெப்பமானியின் பாதரசம் ஏறி இறங்குவது போன்ற செயல் அன்றோ இது!

வெப்பம் மிகுந்த நாடுகளின் செடிகள் சிலவற்றில் அத்திரளும் பகுதியே காணப்படவில்லை. அங்கே காவற்காரன் சூட்டுக்கு அசைவதில்லை. என்றும் வெயில் காயும் மண்ணில் சூட்டைக் கண்டு பூக்க விரைந்தால் செடிக்கு என்ன பயன்? இவ்வமைப்பு பொருத்தமானதே என்று எனக்குத் தோன்றுகிறது.

களைச்செடியின் செய்தி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. இதே வகை மரபணு தானியப் பயிர்களிலும் உண்டு. போதிய வளர்ச்சி பெறுமுன் பூத்த பயிரில் மணி குறையும். குளிர்நாட்டிலோ, பிந்திப் பூத்தது முற்றுமுன் கோடை முடிந்துவிடும். சுவீடனில் 1960ஆம் ஆண்டு 'மாரி' என்னும் வாற்கோதுமை வகை வெளியிடப்பட்டது. எக்ஸ் கதிர் பாய்ச்சி உண்டாக்கிய அவ்வகை, விரைவில் முற்றியதால் குறுங்கோடை நிலங்களிலும் விளைந்தது. அதில் மாறியிருந்தது ஈ.எல்.எப். 3 மரபணுவின் உறவே என்பது 2012ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. வெப்பம் ஏறிவரும் வயல்களுக்கு ஏற்ற விதையைத் தேடும் ஆய்வாளர்கள், இன்று அதே மரபணுவைத் தானியங்களில் ஆராய்ந்து வருகின்றனர்.