வீட்டுக் காரியத்தை எழுதி வையுங்கள்

(மருத்துவமனை ஆதரவாளர் குடும்பங்களின் கூடுகையில், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைப்பைச் சொன்னவுடனே இரண்டு பேர் எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். காப்பி குடிக்கத்தான் போனார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உயில் என்றாலே நம் ஜனங்களுக்கு ஒரு பயம்; எழுதினால் சாவு சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல. நான் 30 வருஷத்துக்கு மேல் உயில் எழுதிக் கொடுத்தவன். எழுதி வைத்தவர்களில் அநேகர் அதற்குப் பிறகு பேரன் கலியாணம் வரைக்கும் சுகமாய் இருந்தார்கள்.

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த நான் என் சொந்த அக்காவுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார்கள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பிரசவத்தில் தாய் இறந்துபோன ஒரு பெண் குழந்தையை, யாரும் கேட்டு வராததால், வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அந்நாளில் கிறிஸ்தவர்களுக்குத் தத்து எடுக்கச் சட்டமே கிடையாது. கோர்ட்டில் கார்டியனாகலாம், அவ்வளவுதான். சட்டப்படி தத்தெடுக்க வழி வந்தபோது அந்தப் பிள்ளை பெரியவளாகிவிட்டாள். அக்கா ஓய்வூதியப் பணத்தில் நாலு சென்டில் ஒரு சின்ன வீடு கட்டினார்கள். "ஒரு உயில் எழுதிரலாமே அக்கா" என்று ஒருமுறை கேட்டேன். "அவ என் மகன்னு ஊருக்கே தெரியுமே தம்பி" என்றார்கள். நானும் அதற்குமேல் பேசவில்லை.

ஊருக்குத் தெரிந்தது சட்டத்துக்குத் தெரியவில்லை. அக்கா மரித்தபோது பெற்றோர் இல்லை. ஆகவே சொத்து உடன்பிறந்தவர்களுக்கு வந்தது. நாங்கள் நான்கு பங்கு. முன்பே இறந்துபோன அண்ணனின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு. அக்காவின் கடைசி நாட்களில் பெட்பேன் எடுத்துப் போட்ட மகளுக்கு ஒன்றுமில்லை. நானும் தங்கையும் எங்கள் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுத்தோம். சட்டத்தின் கண்ணில் அவள் அந்நியள் ஆனபடியால் குடும்பத்தாருக்குள்ள சலுகை கிடைக்கவில்லை. முத்திரைத் தீர்வை முழுசாகக் கட்டினோம். மற்ற இரண்டு பங்குக்காரர்களும் சம்மதிக்கவில்லை. அவர்களைத் திட்ட நான் வரவில்லை, அவர்களுக்கும் கடன் இருந்தது. வீடு விற்கப்பட்டது. அவள் இன்றைக்கு வாடகை வீட்டில் இருக்கிறாள். ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சிகளும் இருந்திருந்தால் போதும்.

உயில் இல்லாவிட்டால் நமக்கு என்ன நடக்கும்? கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. 90 சென்ட் நிலமும் மூன்று பிள்ளைகளும் இருந்தால், அம்மாவுக்கு 30, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 20. மனைவி முந்திப்போனால் கணவருக்கும் இதே கணக்கு. "எனக்குப் பிறகு எல்லாம் அவளுக்குத்தானே" என்று நம்பிக்கொண்டிருக்கிற ஐயாமார் இதைக் கவனிக்கவேண்டும். குடியிருக்கிற வீட்டிலேயே அம்மாவுக்கு மூன்றில் ஒன்றுதான்.

பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் வயதான தாய் தகப்பனுக்கு ஒரு சென்ட்கூட வராது. அவர்கள் மகன் வீட்டில், மகன் சாப்பாட்டில் இருந்தவர்களானாலும் சரி. மகன் முன்பே இறந்திருந்தால் அவன் பங்கு பேரப்பிள்ளைகளுக்குப் போகும். விதவையான மருமகளுக்குத் தனியாக எதுவும் இல்லை. பிள்ளைகள் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, மறுபாதி தகப்பனுக்கு. தகப்பன் இல்லையென்றால் தாயும் உடன்பிறந்தவர்களும் சமமாகப் பிரித்துக்கொள்ளவேண்டும்.

பெண்பிள்ளைகளைப்பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சட்டத்தில் மகனும் மகளும் சமம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறவர்களுக்குப் பழைய கதை தெரியும். அது 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. திருவிதாங்கூரின் 1916ஆம் வருஷத்துச் சட்டப்படி மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் அம்மையார் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் அந்தச் சட்டத்தின் பிடி முற்றிலும் விட்டது. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் வந்து நின்று வாங்கிய உரிமை, நம்மிடத்துக்கு வந்துசேர இவ்வளவு காலம் ஆயிற்று. இன்னும் "நகை போட்டாச்சே" என்று மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறவர்கள் நம் சபைகளில் உண்டு.

இன்னொரு தப்பெண்ணம்: "இது பாட்டன் சொத்து, உயில் எழுத முடியாது." கிறிஸ்தவச் சட்டத்தில் பிறப்பினாலே வரும் கூட்டுக் குடும்பப் பங்கு கிடையாது. தகப்பன் வழியாக உங்களுக்கு வந்துசேர்ந்தது உங்களுடையது, யாருக்கும் எழுதலாம். ஒரு பிள்ளையை முழுதும் ஒதுக்கவும் சட்டம் தடுக்காது. என்னிடம் கோபத்தில் எழுத வந்தவர்களை, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

உயில் எழுத 18 வயதும் தெளிந்த புத்தியும் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திடவேண்டும். இதில்தான் நம்மவர்கள் இடறுகிறார்கள். உயிலில் ஆதாயம் பெறுகிறவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால், நமக்குரிய சட்டப்படி அவருக்கு எழுதின பங்கு செல்லாது. ஒரு பெரியவர் மகளுக்கு வீட்டை எழுதிவிட்டு, பக்கத்தில் நின்ற மருமகனையே சாட்சியாக்கிவிட்டார். மருமகன் போட்ட கையெழுத்தினாலே மகளுக்கு எழுதின வீடு போயிற்று. ஆகவே சொத்தில் சம்பந்தமில்லாத இருவர், உங்களைவிட இளையவர்கள், முடிந்தால் ஒருவர் உங்கள் டாக்டர். மூச்சிரைக்கும்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் கைரேகை வாங்குகிற வேலை வேண்டாம். அந்தக் காகிதங்கள்தான் கோர்ட்டில் அதிக நாள் கிடக்கின்றன.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. மூடிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு. எழுதினவர் பிறகு விவாகம் செய்தால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் செய்கிறவர்கள் முதல் மனைவியின் பிள்ளைகளுக்கு எழுதினதைத் திரும்ப எழுதவேண்டும். 2002இல் சட்டம் திருத்தப்பட்டபின், உயிலை நிலைநாட்ட இந்தியக் கிறிஸ்தவர்கள் புரொபேட் வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பேங்கில் நாமினி போட்டிருக்கிறேனே என்பீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை. பேங்க் பணத்தைப் பொறுத்தவரை வாரிசுகளுக்கு அவர் கணக்குச் சொல்லவேண்டியவர்.

வரியைப்பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 1953இல் வந்த எஸ்டேட் டியூட்டி, பெரிய சொத்துக்களுக்கு 85 சதவீதம் வரைக்கும் ஏறிய மரண வரி, 1985 மார்ச் 16 முதல் நீக்கப்பட்டது. வாரிசாக வந்த சொத்துக்கு வருமான வரியும் இல்லை. பிறகு வாடகை வந்தால் வரி உண்டு. விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு, அதையும் முன்னவர் வாங்கின விலையிலிருந்தே கணக்குப் பார்ப்பார்கள். அவர் வாங்கின பத்திரத்தைப் பத்திரமாய் வையுங்கள்.

தன்னைத்தான் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை இருக்கிற வீட்டில் சொத்தை அந்தப் பிள்ளை பேரில் நேராக எழுதாமல், உயிலிலேயே ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி, நம்பிக்கையான இரண்டு பேரைத் தர்மகர்த்தாக்களாக நியமிக்கலாம். சிறுபிள்ளைகளுக்குக் கார்டியனையும் உயிலில் குறிக்கலாம். உயிரோடிருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதுவதை மட்டும் நான் சீக்கிரத்தில் சம்மதிக்கமாட்டேன். உயிலை நாளைக்கு மாற்றலாம். செட்டில்மென்ட்டை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எழுதித்தான் ஆகவேண்டுமென்றால், பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையை அதில் சேருங்கள். மீறினால் ரத்து செய்யக் கேட்க 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழியுண்டு.

இந்த மருத்துவமனைக்கு எழுத விரும்புகிறவர்களுக்கும் சொல்லுகிறேன். அண்ணன் தம்பி பிள்ளைகள் அளவுக்கு உறவுள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதினால், சாவுக்கு 12 மாதம் முன்னாவது எழுதியிருக்கவேண்டும், எழுதின ஆறு மாதத்துக்குள் அதை ஒப்படைக்கவும் வேண்டும் என்று 118ஆம் பிரிவு சொல்லிற்று. சாவு எப்போது என்று யாருக்குத் தெரியும்? கேரளத்துக் குருவானவர் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இப்போது தடையில்லை. ஆனால் "மிஷன் ஆஸ்பத்திரிக்கு" என்று மொட்டையாக எழுதாதீர்கள். பதிவான சங்கத்தின் முழுப்பெயரை அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். வீட்டாருக்கு வேண்டியதை முதலில் எழுதிவிட்டுத்தான் இதை எழுதவேண்டும். நிர்வாகத்தார் முன்னிலையிலேயே இதைச் சொல்லுகிறேன்.

ஒரு அம்மா சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்: வீடு என் பேரில் இருக்கிறது, அவர் உயிரோடிருக்கிறார், நான் தனியாக உயில் எழுதலாமா? தாராளமாக எழுதலாம் அம்மா. அவருடைய சம்மதக் கையெழுத்து தேவையில்லை. அவருக்கு அதில் ஏதாவது எழுதுகிறீர்களானால், சாட்சியாக மட்டும் அவரைப் போடாதீர்கள்.