தண்ணீர்க் குழாய் பதித்த புனிதர்

(ஜனவரி 30, தொழுநோய் ஒழிப்பு நாளன்று நம் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புனிதர் என்றதும் அற்புதங்கள்தான் நம் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போகிறவர் தண்ணீர்க் குழாய் பதித்தவர், வீடு கட்டியவர், சவப்பெட்டி செய்தவர், அரசாங்கத்துக்கு ஓயாமல் கடிதம் எழுதி அதிகாரிகளின் பொறுமையைச் சோதித்தவர். நம் சங்கச் செயலாளருக்கு இவரைப் பிடிக்கும். செயலாளருக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

பெயர் தமியான். டேமியன் என்றும் எழுதுவார்கள். பெல்ஜியத்தில் திரெமெலோ என்ற கிராமத்தில் 1840 ஜனவரி 3 அன்று பிறந்தவர். தானிய வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வான் என்றுதான் அப்பா அவரை வணிகம் படிக்க அனுப்பினார். மகனோ அண்ணன் பின்னாலேயே துறவற சபையில் சேர்ந்துவிட்டார். ஹவாய்த் தீவுகளுக்குப் போக வேண்டியவர் அந்த அண்ணன்தான். அவர் காய்ச்சலில் படுத்துவிட, தம்பி அடம்பிடித்து அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1864 மார்ச் 19 அன்று ஹொனலூலுவில் கப்பலை விட்டு இறங்கினார்.

ஹவாய் அப்போது தனி ராஜ்யம். வெளியிலிருந்து வந்த தொழுநோய் அங்கே வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. நோயாளிகளைப் பிரித்து வைக்க 1865-ல் ஒரு சட்டம் வந்தது. மொலோக்காய் தீவின் வடக்கே கலவுபாபா என்று ஒரு நிலமுனை. மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் சுமார் 2,000 அடி உயரச் செங்குத்துப் பாறை. 1866 முதல் நோயாளிகளைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஹவாய் மக்கள் இந்த நோய்க்கு வைத்த பெயரே 'குடும்பத்தைப் பிரிக்கும் நோய்'.

ஆளுக்குச் சில மாதம் என்று முறை வைத்துக்கொண்டு அங்கே போய் வர நான்கு குருக்கள் முன்வந்தார்கள். முதல் முறை தமியானுடையது. 1873 மே 10 அன்று போனார். அப்போது வயது 33. தங்க வீடு கிடையாது. சிற்றாலயத்தின் பக்கத்தில் இருந்த ஒரு தாழை மரத்தடியில்தான் படுத்தார். இரண்டாவது குருவின் முறை வரவே இல்லை. இவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் போனபோது அங்கே 600 பேருக்கு மேல் இருந்தார்கள். புண்களின் நாற்றம் தாங்காமல் பலமுறை வெளியே ஓடி வந்து மூச்சு வாங்கியிருக்கிறார். அதை மறைக்கவே புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். நாற்றத்துக்குப் பாதிக் காரணம் நோய் என்றால், மீதிக் காரணம் தண்ணீர். புண்ணோடு இருப்பவர்கள், விரல் மழுங்கியவர்கள், தூரத்திலிருந்து தகர டின்னில் தண்ணீர் சுமந்து வரவேண்டும். பிறகு எங்கே குளிப்பது, எங்கே துணி துவைப்பது? மேலே பள்ளத்தாக்கில் வற்றாத நீர்நிலை இருப்பதைத் தமியான் கேட்டறிந்தார். ஹொனலூலுவுக்கு எழுதிக் குழாய்களை வரவழைத்தார். நடமாடக் கூடியவர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் வரைக்கும் குழாய் பதித்தார். கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நமக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது வீடு. புயலில் பழைய குடிசைகள் விழுந்தபோது அரசிடம் மரம் வாங்கி, தானே தச்சனாகி, தரை உயர்த்திய மரவீடுகள் கட்டினார். அதுவரை இறந்தவர்களைப் பாயில் சுற்றி ஆழமில்லாத குழியில் போட்டுவிடுவார்கள். அவர் சவப்பெட்டி செய்தார், கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போட்டார். ஒரு வாத்தியக் குழுகூட உண்டாக்கினார். போய்ச் சாகும் இடமாக இருந்ததை அவர் குடியிருக்கும் இடமாக மாற்றினார். என் கணக்கில் அவருடைய அற்புதம் அதுதான்.

நல்ல மனிதர், ஆனால் சுலபமான மனிதர் அல்ல. முன்கோபி, பிடிவாதக்காரர். மேலதிகாரிகளுக்கு அவர் ஒரு தலைவலி. ஒருமுறை அவருடைய மேலாளர் வந்த கப்பலிலிருந்து யாரையும் கரையிறங்க விடவில்லை. தமியான் படகில் கிட்டே போனார். கப்பலில் ஏறவும் அனுமதி இல்லை. படகில் நின்றபடியே, பயணிகளுக்குப் புரியாத பிரெஞ்சு மொழியில், தம் பாவங்களை உரக்கச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

போன முதல் வருடமே, பிரசங்கத்தில் 'தொழுநோயாளிகளாகிய நாம்' என்று சொல்லித் தொடங்குவதாக அண்ணனுக்கு எழுதினார். 1884 டிசம்பரில் ஒருநாள் கொதிக்கும் நீரில் கால் பட்டுத் தோல் கொப்பளித்தது, வலி தெரியவில்லை. அந்தச் சொல் உண்மையாகிவிட்டது. 1889 ஏப்ரல் 15 அன்று, 49 வயதில் இறந்தார்.

இறந்தும் விடவில்லை. ஹைட் என்ற ஹொனலூலு போதகர், தமியான் அழுக்கானவர், ஒழுக்கக்கேட்டால் நோய் வாங்கியவர் என்று கடிதம் எழுத, அது அச்சேறியது. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன், தமியான் இறந்த சில வாரங்களில் கலவுபாபாவில் தங்கி விசாரித்தவர். அவர் 1890-ல் பகிரங்கக் கடிதம் ஒன்றில் பதிலடி கொடுத்தார். தமியானின் குறைகளை அவர் மறைக்கவில்லை. நீங்கள் வசதியான வீட்டில் இருந்தீர்கள், அவர் அங்கே இருந்தார் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

ஒன்றையும் சொல்லவேண்டும். எல்லோரோடும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டது, புகைக்குழாயைப் பகிர்ந்தது இதெல்லாம் அன்பு என்றாலும், நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அவருடைய கடைசி மாதங்களில் வந்து பணியைத் தொடர்ந்த மரியான் கோப் என்ற அமெரிக்க கன்னியாஸ்திரீ சுத்தத்தில் கறார். அவருடைய சகோதரிகள் ஒருவருக்கும் நோய் வரவில்லை. திருச்சபை தமியானை 2009-லும் மரியானை 2012-லும் புனிதராக்கியது. அச்சமும் கவனமும் வேறுவேறு என்று மரியானிடம்தான் கற்க வேண்டும்.

ஹவாயில் பிரித்து வைக்கும் சட்டம் 1969 வரை நீடித்தது. நாம் மேல் என்று நினைக்காதீர்கள். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று நம் நாட்டுச் சட்டத்தில் 2019 வரை இருந்தது. கூட்டு மருந்து தொடங்கினால் சீக்கிரமே தொற்று நின்றுவிடும் என்று 1980-களிலிருந்தே உலகத்துக்குத் தெரியும்.

இதை ஏன் இப்போது பேசுகிறேன் என்பது உங்களில் பலருக்குப் புரிந்திருக்கும். நம் இரவுக் காவலாளி காசநோய்க்கு ஆறு மாத சிகிச்சையை முடித்து, மருத்துவரின் சான்றோடு வந்திருக்கிறார். அவரைத் திரும்ப வேலையில் வைப்பதா என்பது அடுத்த செயற்குழுவில் வருகிறது. 'எதற்கு வம்பு' என்று வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர் எழுதினீர்கள். சான்றைப் படித்துவிட்டு எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். என் வாக்கு அவருக்குத்தான்.

தமியானின் ஊர்க்காரர்கள் இங்கேயும் வந்தார்கள். செங்கல்பட்டுப் பக்கம் பொலம்பாக்கத்தில் 1955-ல் ஹெமெரிக்ஸ் என்ற பெல்ஜிய மருத்துவர் தொழுநோய் மையம் தொடங்கினார். நோயாளிகளை ஓரிடத்தில் அடைக்காமல், கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். அவருக்குப் பின் கிளேர் வெல்யூ அம்மையார் பல ஆண்டுகள் அந்த மையத்தை நடத்தினார். அந்த வழியாகக் காரில் போகும்போது ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

தமியானின் உடலை 1936-ல் பெல்ஜியம் எடுத்துப் போனது. மொலோக்காய் மக்களுக்கு அதில் பெரிய வருத்தம். 1995-ல் அவருடைய வலது கையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். குழாய் பதித்த, பெட்டி செய்த அந்தக் கை, அவருடைய பழைய கல்லறையில் இருக்கிறது.