பார்லே: ஓர் ஊர், இரு நாடுகள்

நெதர்லாந்தின் தென்பகுதியில், பெல்ஜிய எல்லைக்குச் சற்று வடக்கே அமைந்த பார்லே என்னும் சிற்றூர், பெல்ஜியத்தின் பார்லே-ஹெர்டோக், நெதர்லாந்தின் பார்லே-நசாவ் என்ற இரு நகராட்சிகளாகப் பின்னிக் கிடக்கிறது. 1198 அளவில் பிரபாண்ட் கோமகன், பிரேடா பிரபுவுக்குத் தரிசு நிலங்களை வழங்கி, வரி தரும் குடியிருப்பு மனைகளைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டதால் விளைந்த இச்சிக்கலை 1843-ஆம் ஆண்டின் எல்லை உடன்படிக்கையாலும் அவிழ்க்க இயலவில்லை. விளைவாக, அயல்நாட்டு மண்ணால் முற்றிலும் சூழப்பட்ட நிலத்துண்டுகளாகிய உள்ளடங்கு நிலங்கள் பெல்ஜியத்துக்கு 22 உள்ளன. வேடிக்கை என்னவெனில், அவற்றுள் சிலவற்றின் நடுவே மீண்டும் 7 டச்சுத் துண்டுகள் அடங்கியுள்ளன. தலைவாசல் திறக்கும் நாட்டுக்கே வீடு உரியது என்பது அங்குள்ள மரபு. எல்லைக்கோடு வாசலையே பிளந்து செல்லும் ஒரு வீட்டுக்கு இரண்டு கதவிலக்கங்கள் உள்ளன. எல்லை வரையறை முழுமையடைந்தது 1995-இல்தான்.