மூளைக்குச் செல்லும் குருதியும் வீட்டார் எடுக்கும் முடிவும்



மனித உடலின் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே மூளை. ஆயினும் உடல் பெறும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. சேமித்து வைக்கும் களஞ்சியம் அதற்கு இல்லை. ஆதலால் குருதியோட்டம் முற்றிலும் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும்; சில நிமிடங்களில் நரம்பணுக்கள் மடியத் தொடங்கும். பெரிய தமனி ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவர்களின் கணக்கு. பக்கவாதம் என்பது இதுதான். வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் பழைய பகுப்பில் வைத்துப் பெயரிட்டமையால், இது கைகால்களைப் பற்றிய நோய் என்ற எண்ணம் இன்றும் அகலவில்லை. கையும் காலும் கெடவில்லை. அவற்றுக்கு ஆணையிடும் இடமே கெட்டது. பெயர் செய்த பிழை சிறிதன்று. கைகால் நோய் என்று கருதியவர்கள் கைகாலுக்கு எண்ணெய் தேடிப் போனார்கள்.

இந்நோயைப் பற்றிய அறிவு இந்திய நாட்டில் வளர்ந்த இடங்களுள் வேலூர் முதன்மையானது. 1949-ல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். நாட்டில் அத்தகைய துறை அதுவே முதல். அதே கல்லூரியைச் சேர்ந்த ஜேக்கப் ஆபிரகாமும் உடனாய்வாளர்களும் வேலூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்ப்புறத்திலும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்களிடையே கணக்கெடுத்து, 1970-ல் தம் முடிவை வெளியிட்டனர். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள் இலட்சத்துக்கு ஏறத்தாழ 57 பேர் எனக் கண்டனர். பிழைத்துக் கிடந்தவர்களே இக்கணக்கில் அடங்குவர். மாண்டவர்கள் இதில் வாரார்.

அன்று மருத்துவர் கையில் மருந்து மிகக் குறைவு. இன்று நிலை வேறு. தமனியை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் அதைச் செலுத்த வேண்டும். குழாயை உட்செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறையும் வந்துவிட்டது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணம். அப்படியிருக்க நான்கரை மணி நேரம் எங்கே போகிறது?

வீட்டில் போகிறது. தோல் தொழிற்சாலையிலோ காலணித் தொழிற்சாலையிலோ ஒருவருக்கு வாய் கோணுகிறது, கை தளர்கிறது. பசி மயக்கம் என்று எண்ணிச் சோடா கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் மூத்த மகன் பணிமுடிந்து வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் எண்ணெய் தேய்ப்பவர் வந்துவிடுகிறார். புறாவின் இரத்தத்தைத் தடவினால் வாதம் இறங்கும் என்று சொல்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பொழுதையும் வீணாக்கும் அச்செயலைப் பற்றி இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

முகம் ஒருபுறம் கோணுதல், தூக்கிய கைகளுள் ஒன்று தானே தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108-ஐ அழைக்க வேண்டும். தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கலாம். ஆகவே வாயில் தண்ணீரும் ஊற்றலாகாது. நெஞ்சுவலிக்குத் தரும் ஆஸ்பிரினையும் தரலாகாது. பக்கவாதம் அடைப்பால் வந்ததா, குழாய் வெடித்து வந்ததா என்பது ஸ்கேன் எடுத்த பின்னரே தெரியும். வெடிப்பாயின் அம்மாத்திரை இரத்தக் கசிவைப் பெருக்கும். சில நேரம் எல்லாம் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ‘கடவுள் காப்பாற்றினார்’ என்று வீட்டிலிருந்துவிடுகிறார்கள். அது பின்வரும் பெரும் தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

இதுவரை சொன்னது மூளைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் தமனிகளைப் பற்றியது. மூளையிலிருந்து குருதியைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளிலும் உறைவு ஏற்படும். இது இளம் பெண்களையும் தாக்கக்கூடிய நோய். பிள்ளை பெற்ற சில நாள்களிலோ வாரங்களிலோ வரக்கூடும். இந்திய மருத்துவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மகப்பேற்றுக் காலத்தில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. அதோடு உடலில் நீரும் வற்றினால் இடர் மிகுகிறது. ‘பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்’ என்று தாகத்துக்கும் நீர் தராத வழக்கம் இப்பகுதியில் முற்றிலும் ஒழிந்ததா? பாட்டிமார் அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள், அதில் ஐயமில்லை. பிள்ளை பெற்றவள் ஓயாத தலைவலி என்றால், வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், குளிர்ந்த காற்றுப் பட்டது என்றோ வேறு காரணம் சொல்லியோ தள்ளிப்போடக் கூடாது. உரிய நேரத்தில் உறைவைத் தடுக்கும் மருந்து பெற்றவர்களுள் பெரும்பாலோர் நன்கு தேறுகின்றனர்.

நோன்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை உண்ணும் முதியவர்கள், நோன்பு நாள்களில் அவற்றைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் உண்டு உணவை விடுவோரும் உளர். அது அதனினும் தீது. நோன்பு தொடங்கும் நாள் முன்கூட்டியே தெரிந்ததுதான். ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, கதிரவன் மறையுமுன் உண்ணுவதையும் நீரின்றி இருக்கும் நாள்களையும் கூறினால், மாத்திரையின் வேளையையும் அளவையும் அவர் மாற்றித் தருவார். எவருக்கு நீரில்லா நோன்பு தகாது என்பதையும் சொல்வார். கேட்பதற்கு நாணுகிறார்கள். மருத்துவர் நோன்பையே குறை கூறுவார் என்ற அச்சம் பலருக்கு உண்டு.

நேரம் தவறியவர்களின் கதி என்ன? வேலூரிலேயே அதற்கும் ஒரு விடை இருக்கிறது. 1954-ல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவம் பயின்று, இக்கல்லூரியில் அத்துறையை அமைத்தார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் தரும் பயிற்சிக்குப் பலன் மிகுதி. அந்த மாதங்களில்தான் நம் வீடுகளில் நோயாளியைக் கட்டிலிலேயே கிடத்தி, ஊட்டிவிட்டு, அவர் கையால் ஒன்றும் செய்ய விடாமல் பேணுகிறார்கள்.

வலப்பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவது உண்டு. மொழிக்குரிய இடம் பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாதியில் அமைந்திருப்பதே காரணம். பிறர் சொல்வது ஓரளவு விளங்கும். சொல்ல நினைப்பது மனத்தில் நிற்கும். சொல் மட்டும் வாராது. அறிவு கெட்டது என்று எண்ணி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவார்கள். பெற்ற மகனின் பெயரைச் சொல்ல இயலாத அத்தகையோருள் சிலர், ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கிக் கொடுத்தால் பத்து வரை எண்ணுவர். சிறுவயதில் மனப்பாடமான துதியை வீட்டார் பாடத் தொடங்கினால், அடுத்த அடியைத் தாமே பாடுவர். பேச்சுப் பயிற்சி அளிப்பவர்கள் பலமுறை அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.